வாழ்க்கை வரலாற்றுப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோபிக் என்று இப்போது எல்லோரும் சொல்லும் வகைப் படங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். பெரும்பாலும் தமிழ்ப் படங்கள். தமிழில் டப் ஆகி வந்த சில பிறமொழிப் படங்களும் உண்டு. படத்தின் முடிவைச் சொல்லிவிடக் கூடாதே என்ற தயக்கம் இங்கே இல்லை. கட்டபொம்மன் கடைசியில் என்ன ஆனார் என்பது யாருக்கும் ரகசியம் கிடையாது.

எந்தப் படத்தை வாழ்க்கை வரலாற்றுப் படம் என்று கணக்கில் எடுப்பது?

ஒருவருடைய நிஜப் பெயரையே வைத்து அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் சந்தேகமில்லை: ‘பாரதி’ (2000), ‘காமராஜ்’ (2004), ‘பெரியார்’ (2007), ‘ராமானுஜன்’ (2014), ‘அமரன்’ (2024). அடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, இன்னாருடைய கதையைத் தழுவியது என்று ஒப்புக்கொள்ளும் படங்கள். ‘சூரரைப் போற்று’ அப்படி. மூன்றாவது ரகம் ‘இருவர்’ (1997): இது யாருடைய கதையும் அல்ல என்று அட்டை போடுவார்கள், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் யாரென்று தெரிந்திருக்கும்.

எந்த ரகம் என்பதைப் பொறுத்து நம் எதிர்பார்ப்பும் மாற வேண்டும். நிஜப் பெயர் போட்ட படத்தில் தேதி தவறினால் கேள்வி கேட்கலாம். ‘இருவர்’ படத்திடம் அதைக் கேட்க முடியாது. அந்தச் சுதந்திரத்தால்தான் அது நன்றாகவும் வந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்த வரிசையில் பார்க்கலாம்?

வெளியான ஆண்டு வரிசையில் போக வேண்டாம். முதலில் ‘ஜெய் பீம்’ (2021) அல்லது ‘சூரரைப் போற்று’ (2020). இரண்டும் இன்றைய வேகத்தில் நகர்பவை. அடுத்து ‘இருவர்’. பிறகு ‘பாரதி’. இவ்வளவும் பார்த்த கண்ணுக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) இரண்டின் நாடக பாணி உறுத்தாது. நேரே கட்டபொம்மனில் தொடங்கினால், ‘ஏன் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள்’ என்று வீட்டுப் பிள்ளைகள் பத்தாவது நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் ‘வானம் பொழிகிறது, பூமி விளைகிறது’ வசனத்தை உண்மையில் பேசினாரா?

இல்லை. அது சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதியது. படமாவதற்கு முன்பே சிவாஜி கணேசன் மேடையில் நடித்துக்கொண்டிருந்த நாடகம் அது; மேடையில் கைதட்டல் வாங்கிய இடங்களை பி.ஆர். பந்துலு படத்திலும் விட்டுவைத்தார்.

ஆனால் சந்திப்பு நிஜம். நடந்தது 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில். கலெக்டர் ஜாக்சன் பாளையக்காரரைக் குறிப்பிட்ட இடத்தில் பார்க்காமல் ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். அங்கே கைகலப்பு மூண்டது. கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது: கிழக்கிந்தியக் கம்பெனியே விசாரணை வைத்து, ஜாக்சன் நடந்துகொண்ட விதம் தவறு என்று அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நம்மிடம் வீர வசனமாக நிற்கும் காட்சிக்குப் பின்னால் ஓர் அதிகாரியின் அடாவடித்தனமும் அதற்கான கோப்பும் இருக்கின்றன.

பதிவுகளின்படி 1799 செப்டம்பரில் கம்பெனிப் படைத் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்து ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. காட்டிக்கொடுத்தவர் என்றால் ஊர் வாயில் எட்டப்பன் பெயர்தான் வருகிறது. பிடித்துக்கொடுத்தது யார் என்று கேட்டால் பதிவு புதுக்கோட்டையைக் கைகாட்டும். கதை அத்தோடு முடியவும் இல்லை. தம்பி ஊமைத்துரை 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைத் திரும்பக் கட்டிப் போரிட்டார். அந்தப் பகுதிக்குத் தனியாகவே ஒரு படம் எடுக்கலாம்.

இன்னொன்று: கட்டபொம்மனின் முகம் என்று இன்று நம் மனதில் இருப்பது சிவாஜியின் முகம். கயத்தாறில் நினைவிடத்துக்கு நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் சிவாஜிதான்.

‘கப்பலோட்டிய தமிழன்’ ஓடவில்லை என்கிறார்களே, பார்க்கத்தான் வேண்டுமா?

கட்டாயம். அது வெளியானபோது பணம் பார்க்கவில்லை என்பது உண்மை. கட்டபொம்மனில் வாளும் போரும் உண்டு, வ.உ.சி.யின் கதையில் இருப்பது பங்குச் சீட்டு, வேலைநிறுத்தம், ராஜத்துரோக வழக்கு, சிறை. படம் ம.பொ. சிவஞானம் எழுதிய வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்டது. அதனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பதிவோடு ஒத்துப்போகின்றன.

பார்க்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எலும்புக்கூடு இது. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாகிறது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம். 1908 மார்ச் 12-ல் கைது. அதே ஆண்டு ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கிறார், மேல்முறையீட்டில் குறைகிறது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள். 1912 டிசம்பரில் விடுதலை. 1936 நவம்பர் 18-ல் மரணம். இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டு வறுமையைச் சினிமா எப்போதும் அவசரமாகவே கடந்துபோகிறது.

சிவாஜியின் செக்கிழுக்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டி.கே. சண்முகத்தைக் கவனியுங்கள். சிறையில் தொழுநோய் கண்ட சுப்பிரமணிய சிவாவாக அவர் வருகிறார். அந்த வேடத்தை அதற்குப் பிறகு யாரும் அந்த அளவுக்குத் தொடவில்லை. எஸ்.வி. சுப்பையாவின் பாரதியும் அதில்தான்.

பாரதியாரை யானை மிதித்துக் கொன்றதா?

நேரடியாக இல்லை. 1921 ஜூனில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதிலிருந்து அவர் எழுந்துவிட்டார். ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசவும் செய்தார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டு, 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி இறந்தார். நினைவு நாளை 11 என்றும் 12 என்றும் இரண்டு விதமாகப் பார்ப்பதற்கு அந்த நள்ளிரவுதான் காரணம்.

‘பாரதி’ படத்துக்கு ஒரு மராத்தி நடிகர் எதற்கு?

ஞான ராஜசேகரன் சாயாஜி ஷிண்டேவைத் தேர்ந்தெடுத்தபோது இந்த முணுமுணுப்பு இருந்தது. பலன் என்னவென்றால், பார்ப்பவருக்கு அவரைப் பற்றி முன் நினைவு எதுவும் இல்லை. தெரிந்த நட்சத்திரம் முண்டாசு கட்டினால் முதல் அரை மணி நேரம் நட்சத்திரத்தைத்தான் பார்ப்போம். குரல் வேறொருவருடையது என்பது சில இடங்களில் தெரியும். கண்ணும் நடையும் அதை ஈடுகட்டுகின்றன. தேவயானியின் செல்லம்மாதான் படத்தின் நங்கூரம்: அரிசியைக் குருவிக்குப் போடும் கவிஞரோடு குடித்தனம் நடத்துவது என்றால் என்ன என்பது அவர் முகத்தில் இருக்கிறது. தேசிய விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் இது. ‘மயில் போல’ பாட்டுக்குப் பவதாரிணிக்கு விருது கிடைத்தது.

ஒரே இயக்குநர் எடுத்த ‘பாரதி’ நிற்கிறது, ‘பெரியார்’ ஏன் தொய்கிறது?

நீளம்தான் சிக்கல். பாரதி 39 வயது நிறைவதற்குள் போய்விட்டார். பெரியார் 1879-ல் பிறந்து 1973 வரை இருந்தவர். ஈரோட்டு வியாபாரம், காசி, காங்கிரஸ், வைக்கம், சுயமரியாதை இயக்கம், இந்தி எதிர்ப்பு, மணியம்மை திருமணம், தி.மு.க. பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினாலே படம் முடிந்துவிடும். சத்யராஜ் அந்த வேடத்துக்காகவே பிறந்தவர் மாதிரி இருக்கிறார். ஆனால் காட்சிகள் நகராமல் அடுக்கப்படுகின்றன. வைக்கத்தை மட்டும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறப்பு முதல் இறப்பு வரை சொல்ல முயலும் எல்லாப் படங்களுக்கும் இந்த நோய் உண்டு. அறிகுறி எளிது: திரையில் ஆண்டு எழுத்துகள் அடிக்கடி தோன்றும், புதிதாக வருபவர் எல்லோரும் தங்கள் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒரு வழக்கு, ஒரு தொழில், ஒரு போட்டி என்று வாழ்க்கையில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்த படங்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன.

ராமானுஜனைப் பற்றி இரண்டு படங்கள் இருக்கின்றன. எது மேல்?

கும்பகோண வாழ்க்கையைப் பார்க்க 2014-ல் வந்த தமிழ்ப் படம் மேல். கேம்பிரிட்ஜ் நாட்களைப் பார்க்க 2015-ல் வந்த ஆங்கிலப் படம் ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’, தேவ் படேல் நடித்தது.

தமிழ்ப் படத்தில் அம்மா–மகன்–மருமகள் முக்கோணம் நன்றாக வந்திருக்கிறது. சுஹாசினியின் கோமளத்தம்மாள் ஒரு முழு மனுஷி. நாயகன் அபிநய், ஜெமினி கணேசன்–சாவித்திரியின் பேரன். ஆங்கிலப் படத்தில், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டியாக வரும் ஜெரமி அயர்ன்ஸ்தான் பலம். மஞ்சுள் பார்கவா, கென் ஓனோ என்று இரண்டு கணித அறிஞர்கள் ஆலோசகர்களாக இருந்ததால் கரும்பலகையில் எழுதுவது அபத்தமாக இல்லை. ஆனால் குடும்ப விவரத்தில் கை வைத்துவிட்டார்கள். மனைவி ஜானகிக்கு 1909-ல் திருமணம் ஆனபோது வயது பத்து. ஆங்கிலப் படத்தில் அவர் வளர்ந்த பெண்ணாக, காதல் மனைவியாக வருகிறார். ராமானுஜனும் தேவ் படேல் மாதிரி ஒடிசலானவர் அல்ல, குள்ளமாகக் கொஞ்சம் பூசினாற்போல இருந்தவர். நோய் காசம் என்று அன்று மருத்துவர்கள் சொன்னதையே சினிமாவும் சொல்கிறது. பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்கிறது.

‘சூரரைப் போற்று’ எவ்வளவு நிஜம்?

ஏர் டெக்கான் நிறுவிய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் தன்வரலாறுதான் மூலம். நிஜத்தில் அவர் கர்நாடகத்தின் கொரூரைச் சேர்ந்தவர்; படத்தின் மாறன் சோழவந்தான்காரர். அவர் ராணுவத்தில் இருந்தவர். மாறன் விமானப் படை. ராணுவத்தை விட்ட கோபிநாத் இயற்கை விவசாயம் செய்தார், தேர்தலில் நின்றார், ஹெலிகாப்டர் நிறுவனம் நடத்தினார், அதற்குப் பிறகுதான் 2003-ல் குறைந்த கட்டண விமானம். படம் நடுவில் இருந்த இத்தனையையும் தூக்கிவிட்டு, ஊரிலிருந்து நேரே வானத்துக்குப் போகிறது. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பணம் கேட்டு அழும் காட்சி சினிமாவுக்காகச் சேர்த்தது.

ஒரு ரூபாய் டிக்கெட் நிஜம். தொடக்க விமானத்தின் எஞ்சினில் தீப்பிடித்ததும் நிஜம்; விமானத்துக்குள் அரசியல் பிரமுகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படம் மிகவும் கற்பனை கலந்தது, ஆனாலும் சாரத்தைப் பிடித்துவிட்டது என்று கோபிநாத்தே சொன்னார். சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என்று ஐந்து தேசிய விருதுகள்.

‘ஜெய் பீம்’ வழக்கு உண்மையா? எதை மாற்றினார்கள்?

1993-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனு அது. வழக்கறிஞர் கே. சந்துரு பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார். படத்தில் அவர் பெயர் மாறவில்லை. காவல் நிலையத்தில் இறந்தவர் நிஜத்தில் குறவர் சமூகம், படத்தில் இருளர். மனைவியின் பெயரும் மாற்றப்பட்டது. இருளராக மாற்றியதால் பாம்பு பிடிப்பது, எலி பிடிப்பது போன்ற காட்சிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் எந்தச் சமூகத்துக்கு அநீதி நடந்ததோ அந்தச் சமூகம் திரையிலிருந்து மறைந்துபோனது. இந்த விமர்சனம் நியாயமானது.

படத்தின் பெரிய சர்ச்சை ஒரு நாட்காட்டியில் கிளம்பியது. கொடுமை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு சமூகத்தின் அக்னிக் கலசச் சின்னம் இருந்தது. ஒரு நொடி வந்துபோகும் பொருள்தான். ஆனால் நிஜ வழக்கின் காவலர் அந்தச் சமூகத்தவர் அல்ல என்பதால் எதிர்ப்பு வலுத்தது. ஓடிடி பிரதியில் அதை நீக்கி லட்சுமி படம் வைத்தார்கள்.

ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக்கக் குடும்பத்தின் அனுமதி சட்டப்படி கட்டாயமா?

உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உயிரோடு இருப்பவருக்கு வழிகாட்டி 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்ததில் பிறந்த வழக்கு அது. தீர்ப்பின் சாரம்: நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பின்விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், அவதூறாக இருக்கும் என்ற அச்சத்தில் அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது.

இறந்தவருக்கு: ‘தலைவி’ படத்தைத் தடுக்க ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவர் இறப்போடு முடிகிறது, வாரிசுக்குச் சொத்து போல அது இறங்காது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரை இழிவுபடுத்தினால் அது குற்றவியல் அவதூறு ஆகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-லும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-லும் இருக்கிறது.

சட்டம் கேட்காவிட்டாலும் தயாரிப்பாளர்கள் கையெழுத்து வாங்குவது ஏன்? வழக்கு வந்தால் ஜெயிப்பது இரண்டாம் பட்சம். வெளியீட்டுத் தேதிக்கு முந்தைய வாரம் இடைக்காலத் தடை வந்தால் தியேட்டர் ஒப்பந்தம் எல்லாம் போய்விடும். தவிர, டைரியும் கடிதமும் புகைப்பட ஆல்பமும் குடும்பத்திடம்தான் இருக்கின்றன.

உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் போகிறோம். எதை எல்லாம் முதலில் செய்ய வேண்டும்?

ஒப்பந்தம் ஒரு பக்கமாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை: வாழ்க்கையின் எந்தக் காலப் பகுதி, எத்தனை ஆண்டுக்கு உரிமை, குறும்படம் மட்டுமா அல்லது பிற்காலத்தில் முழுநீளப் படமாகவோ தொடராகவோ நீட்டலாமா, எந்த மொழிகள், பணம் எப்போது. எல்லாவற்றையும் விட முக்கியமானது: குடும்பம் திரைக்கதையைப் படித்துப் பார்க்கலாம் என்பதா, வேண்டாம் என்று நிறுத்தலாம் என்பதா? இந்த இரண்டும் வேறு வேறு. ‘ஒப்புதலோடு’ என்று மொட்டையாக எழுதிவிட்டு, படப்பிடிப்பு முடிந்த பிறகு மல்லுக்கு நிற்பவர்கள் நிறைய.

அடுத்து, எழுதும்போதே மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: காட்சி எண், அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள். நான்கு நிஜ மனிதர்களைச் சேர்த்து ஒரு பாத்திரம் ஆக்கினால் அதையும் குறியுங்கள். பின்னால் கேள்வி வரும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

பாட்டு: பாரதியின் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். 1949-லேயே சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிவிட்டது, பிறகு அது மக்களுடையதானது. ஆனால் ஒரு படத்தில் வந்த மெட்டோடும் ஒலிப்பதிவோடும் எடுத்தால் அந்த இசைக்குத் தனி உரிமை உண்டு. புதிதாக மெட்டுப் போடுவது நல்லது.

கடைசியாக, சட்டகத்துக்குள் தெரியும் எழுத்து. ‘அமரன்’ படத்தில் நாயகி தன் எண்ணை ஒரு தாளில் எழுதித் தருவார். அந்தப் பத்து இலக்கம் சென்னையில் நிஜமாகவே ஒரு கல்லூரி மாணவரின் எண். படம் வெளியான நாளிலிருந்து ஓயாத அழைப்புகள், அவர் 1.1 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார், எண்ணை மங்கலாக்க வேண்டியதாயிற்று. தயாரிப்புக்கென்று ஒரு சிம் வாங்கி அந்த எண்ணை மட்டும் காட்டினால் இந்தத் தொல்லை இல்லை. வண்டி நம்பர் பிளேட், பாஸ்புக், ரேஷன் கார்டு, சுவர் நாட்காட்டி, மாட்டியிருக்கும் சாமி படம் எல்லாவற்றையும் கலை உதவியாளர் ஒருவர் ஷாட்டுக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும்.

‘இருவர்’, ‘தலைவி’ இரண்டும் ஒரே காலத்து அரசியலைச் சொல்கின்றன. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

‘தலைவி’ நிஜப் பெயருக்கும் மாற்றுப் பெயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நாயகிக்கு நிஜப் பெயர், எம்.ஜி.ஆர். எம்.ஜே.ஆர். ஆகிறார், கருணாநிதி வெறும் கருணா. 1989 சட்டமன்றச் சம்பவத்தில் தொடங்கி 1991 வெற்றியில் நிறுத்திவிடுகிறார்கள்; அதற்குப் பிந்தைய ஆட்சிக் காலம் முழுவதும் படத்துக்கு வெளியே. அரவிந்த்சாமி நன்றாகச் செய்திருக்கிறார். ‘இருவர்’ எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டு நட்பையும் பிரிவையும் மட்டும் எடுத்துக்கொண்டது. பிரகாஷ்ராஜுக்கும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை.

‘நடிகையர் திலகம்’ சாவித்திரிக்கு நியாயம் செய்கிறதா?

கீர்த்தி சுரேஷின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேசிய விருது சரியான இடத்துக்குத்தான் போனது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள்ளேயே படம் இரண்டு விதமாகப் பார்க்கப்பட்டது. சாவித்திரியின் மகள் விஜய சாமுண்டேஸ்வரி ஆதரித்தார். ஜெமினியின் மகள் கமலா செல்வராஜோ, சாவித்திரிக்குக் குடிப்பழக்கத்தைத் தன் அப்பாதான் பழக்கியது போலக் காட்டியதை வெளிப்படையாக எதிர்த்தார். படம் சாவித்திரியின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு தெரிந்தால் ‘மகாநடி’யாகவே பாருங்கள், உதட்டசைவு பொருந்தும்.

விளையாட்டு வீரர்களைப் பற்றிய படங்களில்?

‘800’ (2023) முத்தையா முரளிதரனின் கதை. 2020-ல் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவித்ததும், ஈழப் போர் குறித்து முரளிதரன் பேசியிருந்தவற்றைச் சுட்டித் தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. முரளிதரனே கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் விலகினார். மதுர் மிட்டல் நடித்தார். கண்டியில் தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் தாக்கப்பட்டது, 1995 டிசம்பர் 26-ல் மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர், பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்தது, பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை என்று கதைக்கான சரக்கு அபாரம். அரசியல் கேள்விகள் வரும் இடங்களில் படம் ஓரமாக நடந்துபோகிறது. வாழும் மனிதரின் ஒத்துழைப்போடு எடுத்த படத்துக்கு எல்லை எங்கே என்று பார்க்க இது நல்ல எடுத்துக்காட்டு.

‘பைசன் காளமாடன்’ (2025) வேறு வழி பிடித்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியின் மணத்தி கணேசன்தான் உந்துதல். ஆனால் நாயகன் பெயர் கிட்டான். பெயரை விட்டதால் மாரி செல்வராஜுக்குத் தென்மாவட்டச் சாதி மோதலை விரித்துச் சொல்ல இடம் கிடைத்தது.

‘ராக்கெட்ரி’ சொல்வதை எல்லாம் நம்பலாமா?

வழக்குப் பகுதியை நம்பலாம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பர் 30-ல் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்; 1996-ல் சி.பி.ஐ. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 2018 செப்டம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இவை அனைத்தும் பொதுப் பதிவு. விண்வெளி மையத்துக்குள் யார் எதைச் செய்தார்கள் என்ற பகுதியில் நிதானம் தேவை: படத்தில் அவருக்குத் தரப்பட்ட சில பெருமைகள் தவறு என்று 2022 ஆகஸ்டில் முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் திருவனந்தபுரத்தில் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள்.

தமிழில் டப் ஆனவற்றில் தவறவிடக் கூடாதது?

ஜப்பார் படேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’. மம்மூட்டிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ஆங்கிலப் படம். தமிழ்ப் பிரதி திரைக்கு வர 2010 டிசம்பர் ஆகிவிட்டது. அட்டன்பரோவின் ‘காந்தி’யை (1982) இதோடு சேர்த்துப் பாருங்கள். எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்த மூன்று மணி நேரப் படத்தில் அம்பேத்கர் கிடையாது, சுபாஷ் சந்திர போசும் கிடையாது. அடுத்தடுத்து பார்த்தால், காந்தி தரப்பும் அம்பேத்கரும் செய்துகொண்ட பூனா ஒப்பந்தம் எங்கே போனது என்று தானாகவே கேட்கத் தோன்றும்.

படத்தில் பார்த்ததைச் சரிபார்ப்பது எப்படி?

தொடக்க அட்டையை நிறுத்திப் படியுங்கள். ‘அடிப்படையாகக் கொண்டது’ என்றால் பெரும்பாலும் ஒரு நூலின் உரிமையை வாங்கியிருப்பார்கள். அந்த நூலே முதல் சாட்சி. ‘தழுவியது’, ‘உந்துதல்’ என்றால் எலும்பு மட்டும்தான் நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கு சம்பந்தப்பட்டதென்றால் இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்பை இலவசமாகப் படிக்கலாம். தீர்ப்பின் முதல் சில பத்திகளிலேயே சம்பவச் சுருக்கம் இருக்கும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். விக்கிப்பீடியாவில் ஒரு தகவலைப் பார்த்தால் அதன் அடிக்குறிப்பு படத்தின் விளம்பரப் பேட்டியையே காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் படமே படத்துக்குச் சாட்சி சொல்கிறது.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எது சரி?

‘கப்பலோட்டிய தமிழன்’, ‘பாரதி’, ‘ராமானுஜன்’ தயங்காமல் போடலாம். ‘ஜெய் பீம்’ ‘ஏ’ சான்றிதழ் படம். காவல் நிலையச் சித்திரவதை நீளமாக, நெருக்கமாக வரும். ‘அமரன்’ கடைசி அரை மணி நேரம் துப்பாக்கிச் சண்டை. யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருப்பதால் புதிய படங்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் போதும்; பழைய படங்களில் வெறும் ‘யு/ஏ’ என்றுதான் இருக்கும், அவற்றைப் பெரியவர் ஒருவர் முன்னதாகப் பார்த்துவிட வேண்டியதுதான்.